ஒன்றரை டாலரில் வாணலித் திட்டு

நாக்நெக், அலாஸ்கா
2008 ஜூன் 10

ஜோவலின்,

வந்து சேர்ந்துவிட்டேன். மீன் ஆலையில் தொலைபேசி ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் எப்போதும் நாற்பது பேர். கைபேசி இங்கே வெறும் கடிகாரம். அதனால் கடிதம். எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

வேலை தெரிந்த வேலைதான். குளிர்பதன இயந்திரங்கள் நான்கு. இரண்டு ஓடுகின்றன, ஒன்று முனகுகிறது, ஒன்று செத்துக் கிடக்கிறது. சால்மன் கூட்டம் வர மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் நான்கும் ஓடியாக வேண்டும். மேஸ்திரி ஹாலிஸ் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "ஜூனோவா? கப்பல்ல வர்றவனுக்குத் தொப்பி விக்கிற ஊர்தானே அது?" பதிலுக்கு முனகுகிற இயந்திரத்தைக் கழற்றிக் காட்டினேன்.

இனி, காசு வாங்காமல் ஊர் சுற்றிக் காட்டும் நம் நடை. கப்பலிலிருந்து இறங்குகிறவர்களில் ஹெலிகாப்டருக்கும் திமிங்கிலப் படகுக்கும் காசில்லாதவர்கள்தான் உன்னிடம் வரப்போகிறார்கள். வழக்கம்போல ஒன்றரை டாலர் பேருந்தில் பாலம் தாண்டி டக்ளஸ் கரைக்குக் கூட்டிப் போ. பழைய சுரங்க இடிபாடு, காட்டுப் பாதை, மணற்கரை, அவ்வளவுதான். கடல் நன்றாக வற்றுகிற நாட்களில் மட்டும் மணல்மேட்டின் மேல் நடந்து வாணலித் திட்டுக்குப் போகலாம். இதுவரை நான் கூட வந்து தண்ணீரைக் கண்ணால் பார்த்துச் சொன்னேன். இப்போது எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மணல்மேடு வெளியே தெரியும் என்று கணக்குப் போட்டு உங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தாளைப் பார். வேறு யாரையும் கேட்காதே.

கடைசி விஷயம். செப்டம்பரில் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று விமான நிலையத்தில் கேட்டேன். "நீ திரும்பி வா, சொல்றேன்" என்றாய். ஆகஸ்ட் வரை என்னால் காத்திருக்க முடியாது. ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுதி அனுப்பு.

கான்ராட்

•

ஜூனோ
ஜூன் 19

கான்ராட்டுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியை விட்டுவிட்டு. "மெஷின் முனகுறதை எழுதத் தெரியுது, சாப்பிட்டேன்னு ஒரு வரி எழுதத் தெரியலையே" என்றாள். சாப்பிடுகிறாயா?

போன வாரம் நான்கு நடை. சனிக்கிழமை ஒன்பது பேர். நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள் என் காதோடு கேட்டாள்: "நெசமாவே காசு கிடையாதாம்மா? கடைசியில எதையாவது தலையில கட்டிருவீங்களோ?" "பஸ்ஸுக்கு ஒன்றரை டாலர். பசிச்சா துறைமுகத்துல எங்கம்மா வண்டியில லும்பியா இருக்கு, பிலிப்பைன்ஸ் பொரிச்ச சுருள். அதுவும் கட்டாயமில்ல" என்றேன். அவள் புருஷன் தலைக்கு மேல் போன ஹெலிகாப்டரைக் காட்டி, "அதோ பாரு, நம்ம ரெண்டு மாசச் சாப்பாடு பறந்து போகுது" என்றார். சால்மன்பெர்ரி பழுக்கத் தொடங்கிவிட்டது. பறித்துத் தின்று எல்லோர் விரலும் சிவப்பு.

ஓர் உதவி கிடைத்திருக்கிறது. ஒன்பது பேரைத் தனியாகக் காட்டுக்குள் கூட்டிப் போனால் கடைசி ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரிவதில்லை. கரடி வேறு குட்டிகளோடு சுற்றுகிறது. டெஸ்மண்ட் என்று ஒருவன், மிச்சிகன்காரன், மரத்துக்கு மரம் கம்பியில் தொங்கிப் போகும் கம்பிச் சவாரி நடத்தும் இடத்தில் வேலை. காலையில் அவனுக்கு ஓய்வு. பின்னால் நடந்து வருகிறேன் என்று அவனாகவே கேட்டான். வளைவு வரும்போதெல்லாம் டெஸ்மண்ட் கத்துகிறான்: "கரடியண்ணே, ஒன்பது பேர் வர்றோம், ஒருத்தர்கிட்டயும் காசில்ல, வழி விடுங்க." சிரித்துக்கொண்டே நடக்கிறார்கள். பறவைப் பெயரெல்லாம் டெஸ்மண்டுக்குத் தெரியும். நெப்ராஸ்கா அம்மாளுக்குக் கால் வலித்தபோது டெஸ்மண்ட்தான் தன் கைத்தடியைக் கொடுத்தான். அம்மாவுக்கும் டெஸ்மண்டைப் பிடித்துவிட்டது. எட்டு லும்பியா தின்றான்.

நேற்று உன் தாளில் முதல் நாள். ஆனால் அடைமழை. திட்டுக்குப் போகவில்லை. டெஸ்மண்டும் நானும் பேருந்து நிழற்குடையில் ஒரு மணி நேரம் நின்றதுதான் மிச்சம். தாளில் அடுத்த நாள் ஜூலை மூன்று.

உன் கேள்வி. ஒரு வார்த்தையில் முடிகிற கேள்வியா அது? கேட்ட கையோடு விமானம் ஏறியவன் நீ.

ஜோவலின்

பி.கு. என் பையில் நீ கட்டிய மணியைக் கழற்றச் சொல்கிறான் டெஸ்மண்ட். மணிச் சத்தத்துக்குக் கரடி பயப்படாதாம்.

•

நாக்நெக்
ஜூன் 24

ஜோவலின்,

உன் கடிதத்தில் டெஸ்மண்ட் ஏழு முறை வருகிறான். எண்ணினேன். நான் ஒரு முறை, அதுவும் கடிதம் யாருக்கு என்று சொல்வதற்காக.

காலையில் ஓய்வு என்றால் தூங்க வேண்டியதுதானே அவன்? அந்த நிழற்குடையில் இரண்டு பேர் இடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். ஒரு மணி நேரம் என்ன பேசினீர்கள்? பறவையா? மழையில் எந்தப் பறவை வந்தது?

மணிக்குக் கரடி பயப்படாது என்று எனக்கும் தெரியும். நீ பயந்தாய், அதனால் கட்டினேன். அதை அவனிடம் சொன்னாயா?

அவனைப் போன்றவர்களை நமக்குத் தெரியாதா? மே மாதம் புது ரப்பர் பூட்ஸ் வாங்குவார்கள், ஜூனில் நம்மையே நம் ஊருக்கு அறிமுகம் செய்வார்கள், செப்டம்பரில் கடைசிக் கப்பல் போன மறுநாள் பூட்ஸை விற்றுவிட்டுப் போவார்கள். நவம்பர் இருட்டில் உன் அம்மாவின் வண்டிச் சக்கரத்தைப் பழுது பார்க்க எவன் வருவான்?

செத்துக் கிடந்த இயந்திரமும் ஓடுகிறது. இரண்டு நாளில் முடிக்க வேண்டியது, நான்கு நாள் ஆயிற்று. ஹாலிஸ் சொல்கிறார்: "அந்தக் கடுதாசியை இப்படிப் பொரட்டிப் பொரட்டிப் பாக்குறியேடா, அதுல கேஸ் லீக் ஆகுதா?"

அவன் காட்டில் வரட்டும், கரடியோடு கொஞ்சட்டும். வாணலித் திட்டுக்கு மட்டும் வரக் கூடாது. கரையிலேயே நிற்கட்டும். சுற்றுலாக்காரர்கள் வேறு கணக்கு; மறுநாள் இருக்க மாட்டார்கள். அவன் இருப்பான். இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

பதில் இன்னும் வரவில்லை.

கான்ராட்

•

ஜூனோ
ஜூன் 30

கான்ராட்,

உதிரி பாகம் வரவில்லை என்று கடைக்காரனுக்கு எழுதுவது போல இருக்கிறது உன் கடைசி வரி.

நிழற்குடையில் என்ன பேசினோம் என்று கேட்டாய். உன்னைப் பற்றித்தான். இந்த வழியை நீ எப்படிக் கண்டுபிடித்தாய், நான்கு வசந்தம் தனியாகப் போய்த் தண்ணீரை எப்படி அளந்தாய் என்று. அவன் கேட்டான், நான் சொன்னேன். எனக்கே ஆச்சரியம், இவ்வளவு நேரம் உன்னைப் பற்றிப் பேச முடிகிறதே என்று. இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்கும் கணக்குக் கேட்கிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று பிறகு சொல்லாதே. போன செவ்வாய் அவன் வீட்டுக்கு வந்தான். அம்மாதான் கூப்பிட்டாள். அடுப்படியில் உன் தாளைப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து கடல் நேரக் கையேட்டை எடுத்தான், சாமான் கடையில் சும்மா கொடுப்பார்களே, அது. "ஜோவலின், இதுல ஒரு மணி நேரம் இடிக்குதே. தாள் ஒரு மணி பிந்திச் சொல்லுது" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கான்ராட் கணக்குல தப்பு வராது. வேற எதுல வேணும்னாலும் வரும், கணக்குல வராது." அவன் சரி என்று கையேட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நீ சொன்னபடியே மூன்றாம் தேதி அவனைக் கரையில் நிறுத்திவிடுகிறேன். அவனிடம் சொல்லியும் விட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, காது மட்டும் சிவந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போதுமா?

ஜோவலின்

•

ஜூனோ
ஜூலை 5

கான்ராட்,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மூன்றாம் தேதி வெயில். பத்துப் பேர். எட்டுப் பேர் பயணிகள், ஒருவன் ரோமெல். கப்பலின் சலவை அறையில் வேலை பார்க்கிறவன், எங்கள் அம்மா ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன். "அஞ்சு மாசமா மண்ணையே மிதிக்கலக்கா, மதியம் வரைக்கும் லீவு குடுத்திருக்காங்க" என்று வந்தான். பத்தாவது ஆள் டெஸ்மண்ட். அவனைக் கரையில் நிறுத்தினேன்.

தாளில் ஒன்பது முதல் பதினொன்றரை வரை என்று இருந்தது. ஒன்பதுக்குப் போனோம். மணல் ஏற்கெனவே நன்றாகக் காய்ந்திருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். நட்சத்திர மீன், கடற்பூ, குழந்தைகள் மாதிரி எல்லோரும் குனிந்தபடியே இருந்தார்கள். ரோமெல் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நடந்துகொண்டே இருந்தான்.

பத்தரை மணி இருக்கும். கரையிலிருந்து டெஸ்மண்ட் கைகளை வீசிக் கத்தினான். ஒருவர் சொன்னார்: "மறுபடியும் கரடியண்ணனைக் கூப்பிடுறாரு." சிரித்தோம். நானும் சிரித்தேன். எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, தாளில்.

திரும்பிப் பார்த்தபோது மணல்மேடு இல்லை.

டெஸ்மண்ட் கயிற்றோடு தண்ணீரில் இறங்கி வந்தான். நடுவில் இடுப்பளவு. பனிமலையிலிருந்து வருகிற தண்ணீர், உனக்குத் தெரியும். ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்து நடத்தினோம். எழுபது வயது அம்மாள் ஒருத்தி நடுவில் கால் தவறி உள்ளே போனாள். ரோமெல்தான் குதித்துத் தூக்கினான். கடைசியாக வந்தது நான். என் கால் மரத்துப்போய்விட்டது. டெஸ்மண்ட் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். இதையும் எழுதுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்க வேண்டாம்.

யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ரோமெல் வேலைக்கு நாற்பது நிமிடம் பிந்திப் போனான். அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்கிறார்களாம். துறைமுகத்தார் என் நடையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "யார் சொன்ன நேரம் இது?" என்று கேட்டார்கள். நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். தாளைப் பற்றி வாய் திறக்கவில்லை. டெஸ்மண்டும் பக்கத்தில்தான் நின்றான். அவனும் திறக்கவில்லை.

தாளில் எங்கே தப்பு என்று கண்டுபிடி. உன்னால் மட்டும்தான் முடியும்.

ஜோவலின்

•

நாக்நெக்
ஜூலை 6

ஜோவலின்,

உன் 30ஆம் தேதிக் கடிதம் இன்றுதான் வந்தது. மீன் உச்சத்தில் இருக்கிறது. பதினெட்டு மணி நேர வேலை. ஆனாலும் இதற்குப் பதில் எழுதாமல் படுக்க முடியாது.

அந்தப் பறவைக்காரனிடம் சொல். கையேட்டில் அச்சடிப்பது குளிர்கால நேரம். மார்ச் மாதம் நாம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுகிறோம். கடல் தள்ளாது. அதனால் கையேட்டு நேரத்தோடு ஒரு மணி கூட்ட வேண்டும். நான் கூட்டினேன். இது தெரியாதவனெல்லாம் கடல் பக்கம் வரக் கூடாது. மிச்சிகனில் ஏரிதானே இருக்கிறது. ஏரி ஏறவா இறங்கவா போகிறது?

என் தாளைத் திருத்த வந்துவிட்டான். முதலில் நடை, பிறகு அடுப்படி, பிறகு தாள். அடுத்து என்ன? உன் அம்மா கூப்பிட்டாள் என்கிறாய். வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் இல்லையா? அவன் காது சிவந்ததைப் பார்த்து உனக்கு வெட்கமாம். இங்கே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது, அதற்கு யாரும் வெட்கப்படவில்லை.

உனக்குக் கணக்கு வராது என்பதால்தான் தாள் எழுதி ஒட்டினேன். அதையும் ஒருவன் வந்து தப்பு என்றதை எனக்கே எழுதி அனுப்புகிறாய். அவன் பேச்சைக் கேட்டு ஒரு நாள் அந்தத் தண்ணீரில் நனைந்தால்தான் உனக்குப் புத்தி வரும். அப்போது தூக்கிவிட நான் அங்கே இருக்க மாட்டேன்.

கான்ராட்

•

நாக்நெக்
ஜூலை 13

ஜோவலின்,

உன் 5ஆம் தேதிக் கடிதம் நேற்று வந்தது.

தப்பு என்னுடையது. ஆலைப் படகுக்காரர்களிடம் அதே கையேடு இருக்கிறது. வாங்கிப் பார்த்தேன். பின்னட்டையில், கடை விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில்: 'கோடை நேரத்துக்குத் திருத்தப்பட்டது.' அவர்கள் கூட்டியதன் மேல் நான் இன்னொரு முறை கூட்டியிருக்கிறேன். நான்கு வருடமாகக் கண்ணால் பார்த்தே போனதால் அந்தப் பக்கத்தைத் திருப்பியதே இல்லை. ஹாலிஸிடம் சொன்னேன். "பின்னட்டையைப் படிக்காதவனெல்லாம் இஞ்சினியரு" என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன். உன் கடிதத்தை முதலில் படித்தபோது நான் தேடியது டெஸ்மண்டின் தப்பை. இரண்டாம் முறையும் அதையே. அவன் ஏன் இன்னும் சத்தமாகக் கத்தவில்லை, ஏன் கயிறு நீளமாக இல்லை என்று. மூன்றாம் முறைதான் அந்த எழுபது வயது அம்மாள் கண்ணில் பட்டாள். அவனைக் கரையில் நிறுத்தச் சொன்னது கணக்குத் தப்பு அல்ல. அது பொறாமை. அவன் கூட வந்திருந்தால் பத்து மணிக்கே தண்ணீரைப் பார்த்திருப்பான்.

துறைமுகத்துக்கும் கப்பல் சலவை அறை மேலாளருக்கும் எழுதிவிட்டேன். தாள் நான் எழுதியது, கையெழுத்து என்னுடையது, ரோமெல் பிந்தியது ஓர் அம்மாளைத் தூக்கியதால் என்று. தாளைக் கிழிக்காமல் அவர்களிடம் கொடு.

இன்னொன்று. ஆறாம் தேதி உனக்கு ஒரு கடிதம் போட்டேன். மீன் உச்சத்தில் விமானங்கள் மீனைத்தான் ஏற்றுகின்றன, தபால் மூட்டை இங்கேயே கிடக்கிறது. தேடிப் போனேன். மூட்டைக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். "அதுல என்ன, காசா?" என்று கேட்டான் தபால்காரன். இல்லை என்றேன். "அப்ப போகட்டும்." இரண்டும் ஒரே விமானத்தில் வரும். ஆறாம் தேதி போட்டதைப் பிரிக்காதே. கிழித்துப் போடு.

கால் எப்படி இருக்கிறது?

கான்ராட்

•

ஜூனோ
ஜூலை 20

கான்ராட்,

கால் சரியாகிவிட்டது. ரோமெலை இறக்கவில்லை. சம்பளத்தில் இரண்டு நாள் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். துறைமுகத்தார் உன் கடிதத்தையும் தாளையும் வாங்கிக்கொண்டு, திங்கள் முதல் நடக்கலாம் என்றார்கள், திட்டுக்கு மட்டும் போகக் கூடாதாம். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "எவன்மா இவன், குத்தவாளி மாதிரி இல்ல, போலீஸ்காரன் மாதிரி எழுதியிருக்கான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூன்றாம் தேதிக்குப் பிறகு முதல் முறை.

இரண்டு உறையும் ஒன்றாகத்தான் வந்தன. உன் நல்ல காலமோ என்னவோ, பதின்மூன்றாம் தேதியுடையதுதான் முதலில் கையில் வந்தது. மற்றது குளிர்பெட்டி மேல் இருக்கிறது. பிரிக்கவில்லை. அம்மா நாளுக்கு இரண்டு முறை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். "கனமா இருக்கேடி. நல்ல விஷயம்னா இவ்வளவு எழுத மாட்டானே அவன்" என்கிறாள்.

டெஸ்மண்ட் வெள்ளிக்கிழமை கேட்டான். செப்டம்பரில் தன்னோடு மிச்சிகனுக்கு வருகிறாயா என்று. நல்ல முறையில்தான் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ சந்தேகப்பட்டது ஒன்றுமில்லாததை அல்ல, அதை உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். இப்போது இரண்டு பேருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வதானால் இன்றே சொல்லிவிடுவேன். ஆனால் குளிர்பெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் கண் மேலே போகிறது. உன்னிடமே கேட்கிறேன். கிழிக்கவா, பிரிக்கவா? நீ சொல்வதைச் செய்கிறேன். சத்தியமாக.

ஜோவலின்

•

நாக்நெக்
ஜூலை 26

ஜோவலின்,

கிழி என்று ஒரு வரி எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். பிறகு அந்த உறையை நானே கிழித்தேன். அதனால் இது ஒரு நாள் தாமதம்.

மிச்சிகன் செய்தியைப் படித்ததும் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். ஹாலிஸ் வெளியிலிருந்து தட்டினார்: "உள்ள மீன் கெட்டுப் போகலடா, நீதான் கெட்டுப் போற, வெளிய வா."

டெஸ்மண்ட் அந்த ஆறாம் தேதிக் கடிதம் மாதிரி ஒன்றை யாருக்கும் எழுதியிருக்க மாட்டான். அதுவும் எனக்கு எரிகிறது.

அதில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லி உன்னைப் பழக்கப்படுத்த மாட்டேன். நீ தண்ணீரில் நின்ற மூன்றாம் நாள் எழுதியது. எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்பதால் அதில் இருப்பது பொய்யாகிவிடாது. அன்றைக்கு நான் நினைத்ததுதான் அது.

நான் கிழிக்கச் சொன்னால் நீ கிழித்துவிடுவாய், பிறகு பதின்மூன்றாம் தேதிக்காரனுக்குச் சரி என்று சொல்வாய். அவன் மட்டும் தனியாக வர மாட்டான் ஜோவலின். ஆறாம் தேதிக்காரனும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே வருவான். வருடத்தில் எத்தனை நாள் எவன் இருப்பான் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியவில்லை.

பிரித்துப் படி. அம்மா பக்கத்தில் இல்லாதபோது படி. டெஸ்மண்டுக்கும் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு. பாதி அவனைப் பற்றித்தான், அவனுக்கும் உரிமை இருக்கிறது. அதற்குப் பிறகு சொல்.

கான்ராட்